ஆகஸ்ட் 16-ஆம் தேதி பேண்டு அறையைப் பூட்டாதீர்கள்

பேண்டு வாத்தியக் குழு வைத்திருக்கும் பள்ளிகளின் தாளாளர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு பேண்டு மாஸ்டரின் திறந்த மடல்

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

சுதந்திர தின விழா நல்லபடியாக முடிந்தது. சிறப்பு விருந்தினர் எங்கள் அணிவகுப்பைப் பார்த்துக் கைதட்டினார். பிள்ளைகளுக்கு மிட்டாயும் எனக்கு ஒரு சால்வையும் கிடைத்தன. மறுநாள் மாலை வழக்கம்போல் பயிற்சிக்கு வந்தால், ட்ரம்பெட்டுகள் பழைய துணி சுற்றப்பட்டுப் பீரோவுக்குள் போயிருந்தன. சாவி வாட்ச்மேனிடம். "இனி டிசம்பர் கடைசியில் சொல்லி அனுப்புகிறோம் மாஸ்டர், குடியரசு தினத்துக்கு" என்றார் அலுவலகத்தில் இருந்தவர். அவரைக் குறை சொல்லி என்ன? நான் வேலை பார்த்த நான்கு பள்ளிகளிலும் இதுதான் நடைமுறை. அதனால்தான் ஒரு பள்ளிக்கு எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் ராணுவ பேண்டில் கிளாரினெட் வாசித்து ஓய்வு பெற்றவன். மத்தியப் பிரதேசத்துப் பச்மரியில் இருக்கும் ராணுவ இசைப் பிரிவுக்குப் பயிற்சிக்குப் போகும்வரை நானும் காதால் பிடித்து வாசிக்கிறவன்தான். முதல் வாரம் ஒரு ஹவில்தார் என் முன்னால் ஒரு தாளை வைத்து "வாசி" என்றார். "ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள், பிடித்துக்கொள்கிறேன்" என்றேன். "உன் ஊரில் கடிதம் வந்தால் போஸ்ட்மேனையே வாசிக்கச் சொல்லித்தான் கேட்பாயா?" என்று கேட்டார். அன்றைக்கு அவர்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சம் அல்ல. இன்று நம் பள்ளி பேண்டுகளைப் பார்க்கும்போது அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. நம் பிள்ளைகளுக்கு எல்லாக் கடிதங்களையும் நாங்கள்தான் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறோம்.

எப்படி என்று சொல்கிறேன். உங்கள் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கும் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். தேசிய கீதம் என்று தலைப்பிட்டு, "ஜன கண மன" என்ற வரிக்குக் கீழே 0, 13, 12, 12, 12, 12 என்று எழுதியிருக்கும். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதற்கான எண்கள் அவை. பாட்டு ஏற்கெனவே காதில் இருப்பதால் வேலை நடந்துவிடுகிறது. ஆனால் அந்தப் பூஜ்ஜியம் எந்த ஸ்வரம்? கீழ் சட்ஜத்துக்கும் பொத்தான் வேண்டாம், பஞ்சமத்துக்கும் வேண்டாம், மேல் சட்ஜத்துக்கும் வேண்டாம். மூன்றும் பூஜ்ஜியம்தான், உதட்டின் பிடிதான் வேறு. எவ்வளவு நேரம் ஊத வேண்டும் என்று அந்த எண் சொல்கிறதா? அதுவும் இல்லை. பாட்டைத் தெரிந்தவனுக்கு மட்டுமே பயன்படுகிற எழுத்து அது. தெரியாத பாட்டை அதை வைத்துக்கொண்டு ஒருவராலும் வாசிக்க முடியாது.

இதன் விளைவை நீங்கள் வருடா வருடம் பார்க்கிறீர்கள், பெயர்தான் வைக்கவில்லை. ஆறாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் கற்பது நாலைந்து பாட்டு: தேசிய கீதம், தமிழ்த்தாய் வாழ்த்து, கொடி வணக்கத்துக்கு ஒன்று, அணிவகுப்புக்கு இரண்டு. பத்தாம் வகுப்பு வந்ததும் பொதுத்தேர்வு என்று பேண்டிலிருந்து எடுத்துவிடுகிறீர்கள். அந்தப் பிள்ளையோடு அந்த நாலைந்து பாட்டும் வாசலைத் தாண்டிப் போய்விடுகின்றன. ஜூனில் அடுத்த கூட்டம் வருகிறது. மறுபடியும் பூஜ்ஜியம், பதின்மூன்று, பன்னிரண்டு. மாஸ்டர் வேறு ஊருக்குப் போய்விட்டால் அதுவும் இல்லை. மாஸ்டர் போனபின் ஐந்து வருடம் திறக்கப்படாமல் கிடந்த ஒரு பேண்டு அறையை நானே திறந்திருக்கிறேன். பொத்தான்கள் களிம்பு பிடித்து இறுகிக் கிடந்தன. அந்த ட்ரம்பெட்டுகளை வாங்க எவ்வளவு செலவழித்தார்களோ!

நான் கேட்பது இவ்வளவுதான். இருக்கிற நேரத்தில் ஒரு பகுதியைப் பார்த்தவுடன் வாசிக்கும் பயிற்சிக்கு விடுங்கள். சைட் ரீடிங் என்று நாங்கள் சொல்வது அதைத்தான். முன்பின் கேட்டிராத நாலு பாரை, அதாவது தாளில் குறுக்குக் கோடு போட்டுப் பிரித்த நாலு தாளக் கட்டுகளை, கையில் கொடுத்தால், ஒருவரும் வாசித்துக் காட்டாமல், தாளம் விடாமல், முதல் முயற்சியிலேயே வாசித்துக்கொண்டு போவது.

"அதெல்லாம் தியரி மாஸ்டர், பிள்ளைகளுக்குச் சலிப்பு வந்துவிடும், அவர்கள் வாசிக்கட்டும்" என்று ஒரு தாளாளர் என்னிடம் அன்பாகவே சொன்னார். கரும்பலகையில் ஐந்து கோடு போட்டு, இது செமிபிரீவ், இது மினிம், இது கிராச்செட் என்று ஸ்வர நீளங்களின் ஆங்கிலப் பெயர்களை எழுதி மனப்பாடம் செய்யச் சொன்னால் சலிப்பு வராமல் என்ன செய்யும்? அந்தக் குற்றம் எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. நான் முதல் மூன்று வருடம் அப்படித்தான் கெடுத்தேன். இப்போது முதல் மாதம் வாத்தியத்தையே தொட விடுவதில்லை.

மைதானத்தில் நின்ற இடத்திலேயே நடக்கச் சொல்கிறேன். இடது காலில் முதல் தட்டு. அணிவகுப்பு வேகம் நிமிடத்துக்கு 120 அடி, தொடக்கத்தில் அதில் பாதி போதும். ஒவ்வோர் அடிக்கும் "தா". பிறகு ஓர் அடிக்குள் இரண்டு: "தா தி". பிறகு நான்கு: "தகதிமி". நம் ஊரில் ஐந்து வயதில் சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு இது முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம். பரதநாட்டிய வகுப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கால் தானாகவே தட்டிவிடும். வாய்க்கும் காலுக்கும் பழகிய பிறகுதான் சாக்பீஸை எடுக்கிறேன். "தா" என்றாயே, அதன் படம் இது. "தா தி" என்றாயே, அதன் படம் இது. ஓசை முதலில், எழுத்து பிறகு. அம்மா என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குத்தானே நாம் அம்மா என்று எழுதக் கற்றுக்கொடுக்கிறோம்?

இந்த முறையை நான் கண்டுபிடிக்கவில்லை. சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரும். 1996-இல் ரிச்சர்ட் ஹாஃப்மன், வில்லியம் பெல்ட்டோ, ஜான் ஒயிட் என்ற மூன்று அமெரிக்க இசை ஆசிரியர்கள் லயம் கற்பிக்கும் முறை ஒன்றை எழுதி வெளியிட்டார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் தகதிமி. தாளச் சொற்கட்டுகளை வாயால் சொல்லும் நம் கொன்னக்கோலில் இருந்து எடுத்த சொல். இன்று அங்கே பல வகுப்புகளில் பிள்ளைகள் "தா-தி, தகதிமி" என்று சொல்லி இசை எழுத்தைப் படிக்கிறார்கள். நாமோ "ஒன்-ஈ-அண்ட்-அ" என்று ஆங்கிலத்தில் எண்ணி நாக்கைச் சுளுக்கிக்கொள்கிறோம். ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் மிருதங்க வித்வான்கள் என்னைச் சும்மா விட மாட்டார்கள். கொன்னக்கோலில் தகதிமி என்பது நாலு எண்ணிக்கையின் கட்டு, அதை எந்தக் காலத்திலும் சொல்லலாம். அமெரிக்கர்கள் அதைத் தட்டுக்குள் இருக்கும் இடத்தோடு கட்டிவிட்டார்கள். தட்டு விழும் இடம் எப்போதும் "த", சரிபாதி எப்போதும் "தி". நம் சாத்திரப்படி அது குறுக்கு வழிதான். ஆனால் படிப்பதற்கு அதைவிட வசதியான வழியை நான் பார்த்ததில்லை.

ஒரே ஓர் உதாரணம். அணிவகுப்புப் பாட்டுகளில் அடிக்கடி வருவது புள்ளி வைத்த குவேவர் என்ற நீண்ட குறியும் அதன்பின் செமிகுவேவர் என்ற குறுகிய குறியும். நாலில் மூன்று பங்கு நீட்டி, கடைசிப் பங்கில் சுருக்கென்று ஒரு குத்து. அந்தக் குத்தில்தான் நடையின் மிடுக்கே இருக்கிறது. காதால் பிடிக்கும் பிள்ளைகள் அதைத் தொண்ணூறு முறை சொன்னாலும் தளர்த்திவிடுவார்கள். நாலில் ஒன்று மூன்றில் ஒன்றாகிவிடும், சதுஸ்ரம் திஸ்ரமாகிவிடும், அணிவகுப்பு தாலாட்டாகிவிடும். "இன்னும் கூர்மையாக, இன்னும் கூர்மையாக" என்று நான் வருடக்கணக்கில் கத்தியிருக்கிறேன். இப்போது கத்துவதில்லை. "தகதிமி சொல்லு" என்கிறேன். சொல்கிறார்கள். "க-வையும் தி-யையும் மனதுக்குள் விழுங்கு" என்கிறேன். தா… மி. தா… மி. "நீ இதுவரை வாசித்தது மூன்று எண்ணிக்கைத் தகிட-வில் கி-யை விழுங்கியது" என்றதும் வகுப்பே சிரிக்கும். ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். அடுத்த வாரம் வேறு பாட்டில் அதே புள்ளியைத் தாளில் கண்டதும் தாங்களாகவே "தா… மி" என்பார்கள். படிப்பு என்று நான் சொல்வது அதைத்தான்.

ரெஸ்ட் என்ற மௌனம்தான் எல்லாவற்றையும்விடக் கடினம். சிம்பல் என்ற பித்தளைத் தட்டுகளைப் பிடிக்கும் பையனுக்கு ஏழு பார் மௌனம், எட்டாவது பாரில் ஒரே ஓர் அடி. அந்த ஏழு பாரும் அவன் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். கர்நாடக சங்கீதத்தில் இதற்குக் கையே இருக்கிறது: தட்டு, வீச்சு. வீச்சில் ஒலி இல்லை, ஆனால் கணக்கு இருக்கிறது. அவனை மௌனத்தில் வீசச் சொன்னேன், முடிந்தது. பார் தொடக்கத்தில் அரைத் தட்டு மௌனம் விட்டு எடுக்கும் பாட்டையும் "அரை இடம் தள்ளி எடுப்பு" என்று சொன்னால் பாட்டு வகுப்புக்குப் போகும் பெண் பிள்ளைகள் உடனே தலையாட்டுகிறார்கள். அவர்கள் வீட்டில் கற்றது வேறு, பேண்டில் கற்பது வேறு என்று இத்தனை நாளும் நாம்தான் இடையில் சுவர் எழுப்பி வைத்திருந்தோம்.

"இது வெள்ளைக்காரன் எழுத்து, நமக்கு எதற்கு?" என்று கேட்கிறவர்களும் உண்டு. தஞ்சையில் 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி அரண்மனையிலேயே மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கில பேண்டு வாசித்த மெட்டுகளுக்குச் சாகித்தியம் செய்தார். அவற்றுக்கு நாம் வைத்த பெயரே நோட்டுஸ்வரம். ட்ரம்பெட்டை வாங்கும்போது வராத சந்தேகம் அதற்குரிய எழுத்தைக் கற்கும்போது மட்டும் ஏன் வர வேண்டும்?

இன்னொரு கேள்வி இதைவிட நியாயமானது. நம் இசை குருமுகமாக வந்ததுதானே, நாதஸ்வரக்காரர் எந்தத் தாளைப் பார்த்து வாசித்தார்? உண்மை. என்னிடம் படித்த ஒரு பையனின் தகப்பனார் கல்யாணத்துக்கும் சாவுக்கும் வாசிக்கும் பேண்டு செட்டில் இருப்பவர். அந்தப் பையன் ஒரு பாட்டை இரண்டு முறை கேட்டால் போதும், மூன்றாவது முறை சைடு ட்ரம்மில் என்னையே திருத்துவான். காது என்றால் அது காது. அவனுக்கு நான் ஒன்றும் பெரிதாகக் கற்றுக்கொடுத்துவிடவில்லை. ஆனால் குருமுகத்தில் ஒரு குருவோடு ஒரு சீடன் பத்து வருடம் உடனிருப்பான். எனக்குக் கிடைப்பது 30 பிள்ளைகள், வாரத்தில் இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 40 நிமிடம். அதில் வருகைப் பதிவு, பஸ் பிடிக்க ஓடுகிறவர்கள், ரீடு உடைத்துவிட்டு அழுகிற கிளாரினெட் பிள்ளை என்று 15 நிமிடம் போய்விடும். காதை மட்டும் நம்பி ஒரு குழுவைக் கட்டுவதற்கு வேண்டிய காலத்தை நீங்கள் எங்களுக்குத் தரவில்லை. எழுத்து அந்தக் காலத்தை மிச்சப்படுத்தும்.

ஏறத்தாழ ஆயிரம் வருடத்துக்கு முன் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் கீதோ என்ற துறவி இருந்தார். கோடு போட்டு ஸ்வரம் எழுதுவதை ஒழுங்குபடுத்தியவர். தம்மிடம் படிக்கும் பையன்களில் சிலர் ஒரே மாதத்தில், கேட்டிராத பாட்டையும் பார்த்த மாத்திரத்தில் தடுமாறாமல் பாடுகிறார்கள் என்று அவர் ஆயருக்கு எழுதினார். பாருங்கள், அவரும் நிர்வாகத்துக்குத்தான் கடிதம் எழுத வேண்டியிருந்தது.

என் பிள்ளைகள் ஒரு மாதத்தில் அந்த நிலைக்கு வரவில்லை, உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் ஆனது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை போலத்தான் முதலில் ஒவ்வொரு ஸ்வரமாக நின்று நின்று போவார்கள். தப்பு வந்தால் திரும்பிப் போய்த் திருத்துவார்கள். அதுதான் பெரிய நோய். அணிவகுப்பில் கால் நிற்குமா? தப்பு ஸ்வரத்தை மன்னித்துவிடுவேன், விட்ட தாளத்தை மன்னிப்பதில்லை. இதற்கு என்னிடம் உள்ள கருவி ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை. ஒரு பிள்ளை வாசிக்கத் தொடங்கியதும், அவள் வாசித்துக்கொண்டிருக்கும் பாரையே அதால் மூடிவிடுவேன். அடுத்த பாருக்குக் கண் போயே ஆக வேண்டும். அப்படியே நகர்த்திக்கொண்டு போவேன். முதல் நாள் கூச்சல் போடுவார்கள், இரண்டாம் வாரம் அதையே விளையாட்டாக்கிவிடுவார்கள். நன்றாகப் படிக்கிற எவருக்கும் கண் கைக்கு முன்னால் ஓடும். ஒரு பஸ் ஓட்டுநர் தன் சக்கரத்தையா பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார்?

போன வருடம் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு புதுப் பாட்டு வேண்டும் என்று நிர்வாகம் சொன்னது. அலுவலகத்திலேயே இணையத்தில் தேடி ஒரு தாளை எடுத்து, 28 ஜெராக்ஸ் போட்டு, நான் வருவதற்குள் எல்லோருக்கும் கொடுத்தும் விட்டார்கள். நான் உள்ளே நுழையும்போது பிள்ளைகள் தாங்களாகவே தொடங்கியிருந்தார்கள். காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. ஃப்ளூட் ஒரு பக்கம், ட்ரம்பெட்டும் கிளாரினெட்டும் ஒரு பக்கம், ஆல்ட்டோ சாக்சபோன் மூன்றாவது பக்கம். ஆனால் தாளம் மட்டும் ஒரு மயிரிழை விலகவில்லை. எட்டாவது பாரில் எல்லோரும் சேர்ந்து நின்றார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி ட்ரம்பெட்டைக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னாள்: "சார், நான் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறேன். இவளும் எழுதியிருப்பதைத்தான் வாசிக்கிறாள். இரண்டும் ஒரே தாள். தப்பு எங்களிடம் இல்லை சார், தாளில்தான்."

அவள் சொன்னது சரி. அது ஃப்ளூட்டுக்கு எழுதிய தாள். ஃப்ளூட்டின் "சி" நம் சுருதிக் கணக்கில் ஒரு கட்டை. அதே எழுத்தை ட்ரம்பெட்டிலும் கிளாரினெட்டிலும் வாசித்தால் ஆறரைக் கட்டையில் ஒலிக்கும், ஆல்ட்டோ சாக்சபோனில் இரண்டரைக் கட்டையில். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியாக மாற்றி எழுத வேண்டும். இரவு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். மறுநாள் மாலைக்குள் பாட்டு தயார். பழைய முறையில் எனக்கு அதற்கு ஆறு வாரம் பிடித்திருக்கும். விழாவில் அவர்கள் வாசித்ததைவிட, அந்தக் கண்றாவிச் சத்தத்தின் நடுவே அந்தப் பிள்ளை தாளைச் சந்தேகப்பட்டாளே, அதுதான் பதினொரு வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சால்வை.

இனி உங்களால் ஆக வேண்டியவை. பேண்டு பயிற்சியை ஜூன் முதல் மார்ச் வரை வையுங்கள், விழாவுக்கு ஆறு வாரம் முன்பு என்று வேண்டாம். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் பத்து நிமிடம் புதுத் தாள் படிப்பதற்கு. அதில் எதையும் மேடையில் கேட்காதீர்கள், அந்தத் தாள்கள் மேடைப் பாட்டைவிட இரண்டு படி எளிதாகத்தான் இருக்கும். பேண்டு அறைச் சுவரில் ஐந்து கோடு நிரந்தரமாக வரைந்த கரும்பலகை ஒன்று. வாத்தியவாரியாக ஜெராக்ஸ் எடுக்க ஒரு சிறு தொகை. மாஸ்டருக்குப் பன்னிரண்டு மாதச் சம்பளம் என்று கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன். உங்களில் பலர் பள்ளிகளுக்கிடையே பேண்டு போட்டி நடத்துகிறீர்கள். சீருடைக்கும் மிடுக்குக்கும் மதிப்பெண் இருக்கிறது. நாலு பார் பார்த்தவுடன் வாசிப்பதற்கும் கொஞ்சம் ஒதுக்குங்கள். உங்கள் பிள்ளைகள் தனியாகப் பணம் கட்டி எழுதும் ஏபிஆர்எஸ்எம் என்ற பிரிட்டிஷ் அமைப்பின் இசைத் தேர்வில் 150-க்கு 21 மதிப்பெண் இதற்குத்தானே? போட்டியில் கேட்பார்கள் என்று தெரிந்தால் எல்லா மாஸ்டர்களும் ஜூனிலேயே தொடங்கிவிடுவார்கள், எங்கள் குணம் எனக்குத் தெரியும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம். ஒரு வியாழக்கிழமை நாலே கால் மணிக்கு பேண்டு அறைக்கு வாருங்கள். இசை தெரிந்த யாரிடமாவது நாலு பார் எழுதி வாங்கி, ட்ரம்பெட்டுக்கு என்று சொல்லியே எழுதி வாங்கி, உறையில் போட்டு ஒட்டிக்கொண்டு வாருங்கள். எனக்கும் காட்ட வேண்டாம். தேர்வில் கொடுப்பதுபோல அரை நிமிடம் அந்தப் பிள்ளையைப் பார்க்க விடுங்கள். அவள் முதலில் எந்த பார் கடினமோ அதைத் தேடுவாள், உதடு அசையும், இடது கால் மெதுவாகத் தட்டும், பிறகு வாத்தியத்தை எடுப்பாள்.

வாட்ச்மேனிடம் சாவியை மட்டும் முன்கூட்டியே வாங்கி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி பேண்டு மாஸ்டர் ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்